தீ இடர் மதிப்பீடு எப்போது காலாவதியாகிறது?

"எங்களிடம் ஃபயர் சர்ட்டிஃபிகேட் இருக்கிறது" என்று ஒரு கடைக்காரரோ அலுவலக மேலாளரோ சொன்னால், அவர் எந்தக் காகிதத்தைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தீயணைப்புத் துறை கொடுத்த தடையில்லாச் சான்றாக இருக்கலாம். தீயணைப்பான் உருளையில் சர்வீஸ்காரர் கட்டிவிட்டுப் போன அட்டையாக இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஒருமுறை எடுத்த ஆய்வறிக்கையாகவும் இருக்கலாம். எல்லாமே தேவைதான். ஆனால் தீ இடர் மதிப்பீடு என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. இவற்றை அதுவாக நினைத்துக்கொள்வதால்தான், "அதுதான் எடுத்தாச்சே, மறுபடி எதற்கு?" என்ற கேள்வியும் வருகிறது.

எதற்கு என்பதை இங்கே எளிமையாகப் பார்ப்போம். சட்டப் பிரிவுகளும் பொறியியல் கணக்குகளும் வேண்டாம். ஒரு கடையோ அலுவலகமோ சின்னத் தொழிற்சாலையோ நடத்துகிறவருக்கும், அங்கே வேலை பார்க்கிறவருக்கும் புரிந்தால் போதும்.

மதிப்பீடு என்றால் என்ன

முதலில் இரண்டு சொற்கள். எரியக்கூடிய அல்லது எரியவைக்கக்கூடிய எதுவும் அபாயம்: துணிக் குவியல், தின்னர் டப்பா, சூடாகிற ஸ்விட்ச் போர்டு. அந்த அபாயத்தால் உண்மையில் தீ பிடிக்க எவ்வளவு வாய்ப்பு, பிடித்தால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இடர். ஒரே தின்னர் டப்பா, வெட்டவெளி ஷெட்டில் இருந்தால் இடர் குறைவு. முப்பது பேர் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற தளத்தின் ஒரே படிக்கட்டுக்கு அடியில் இருந்தால் இடர் மிக அதிகம். அபாயம் ஒன்றுதான், இருக்கும் இடமும் சுற்றியிருக்கும் மனிதர்களும்தான் இடரை மாற்றுகிறார்கள்.

தீ இடர் மதிப்பீடு என்பது இதைக் கட்டடம் முழுக்க நடந்து பார்த்து எழுதி வைப்பது. என்ன எரியும், எது பற்றவைக்கும், உள்ளே யார் யார் இருப்பார்கள், அவர்கள் எப்படி வெளியே வருவார்கள், எதை மாற்றினால் இடர் குறையும், அதை யார் எப்போது செய்வார்கள். இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் அது. தொழிற்சாலைகளில் ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட் என்றே சொல்வார்கள்.

கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் பவர் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய சீட்டில் தப்பு ஒன்றும் இருக்காது. அதை வைத்துச் செய்த கண்ணாடியும் உடையாமல் கீறல் விழாமல் இருக்கலாம். ஆனாலும் பஸ் நம்பர் தெரியவில்லை, ஏனென்றால் மாறியது கண். மதிப்பீடும் அப்படித்தான் பழசாகிறது. அன்றைக்கு ஒழுங்காக எழுதப்பட்டதுதான்; அது எந்தக் கட்டடத்தைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்தக் கட்டடம் இன்று அங்கே இல்லை.

இரண்டு நேரங்களின் போட்டி

சரி, கட்டடம் அப்படி என்னதான் மாறிவிடுகிறது? சுவர் அதே சுவர், படி அதே படி. இதைப் புரிந்துகொள்ள, ஒரு மதிப்பீட்டின் நடுவில் ஒளிந்திருக்கிற கணக்கைப் பார்க்க வேண்டும்.

தீ விபத்தில் பெரும்பாலானவர்களைக் கொல்வது சுடர் இல்லை, புகை. ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக், செயற்கை இழைத் துணி எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு நிறைந்திருக்கும். அதைச் சுவாசித்தால் தலை சுற்றும், திசை தெரியாது, பிறகு மயக்கம். புகை மேலே ஏறும், படிக்கட்டும் ஏ.சி. குழாயும் லிஃப்ட் பொந்தும் அதற்கு நல்ல வழிகள். அதனால் தீ பிடித்த கணத்திலிருந்து, வெளியேறும் வழியில் புகை நிறைந்து நடக்க முடியாமல் போகும்வரை ஒரு நேரம் இருக்கிறது. அதை கிடைக்கும் நேரம் என்போம்.

எதிர்ப்பக்கத்தில் தேவைப்படும் நேரம். இதில் மூன்று துண்டுகள் உண்டு. தீ பிடித்தது யாருக்காவது தெரிய வேண்டும். தெரிந்தபின் மனிதர்கள் நம்பி எழுந்திருக்க வேண்டும். அப்புறம்தான் நடந்து வெளியே வர வேண்டும். நடுத் துண்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பல நேரம் அதுதான் நீளமானது. பில்லை முடித்துவிட்டு வரலாம், பையை எடுத்துக்கொள்ளலாம், மேனேஜர் சொல்லட்டும், போன தடவை மாதிரி சும்மா அடிக்கிற அலாரமாக இருக்கும் என்று நிமிடங்கள் போகும்.

கிடைக்கும் நேரம் தேவைப்படும் நேரத்தைவிடத் தாராளமாக அதிகமாக இருந்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். குறைந்தால் வர மாட்டார்கள். தீயணைப்பான், அலாரம், அவசர வழி, தீயைத் தாங்கும் கதவு, ஒத்திகை எல்லாமே இந்த இரண்டில் ஏதோ ஒன்றை நமக்குச் சாதகமாகத் தள்ளுவதற்காகவே இருக்கின்றன.

இப்போது மாற்றம் என்ன செய்கிறது என்பது விளங்கும். சின்ன மாற்றம் ஒவ்வொன்றும் கிடைக்கும் நேரத்தில் கொஞ்சம் வெட்டுகிறது, அல்லது தேவைப்படும் நேரத்தில் கொஞ்சம் கூட்டுகிறது. எதுவும் தனியாகப் பெரிதாகத் தெரியாது. ஐந்தாறு சேர்ந்ததும் இடையிலிருந்த தாராளம் கரைந்துபோயிருக்கும். எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படாது.

டெல்லி உப்ஹார்: கரைந்துபோன நேரம்

1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் திரையரங்கில் மாலை நேரத்தில் தீ பிடித்தது. 59 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் பால்கனியில் இருந்தவர்கள். அவர்களைத் தீ தொடவில்லை, மூச்சுத் திணறி இறந்தார்கள்.

இந்த வழக்கில் நீதிமன்றங்கள் எழுதியதைப் படிக்கும்போது, ஒரே ஒரு பெரிய குற்றத்தைவிட, வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்த மாற்றங்கள்தான் கண்ணில் படுகின்றன. அரங்கம் 1973-இல் திறக்கப்பட்டது. பிறகு பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டார்கள். வலப்பக்க நடைவழி அதில் போனது. எட்டுப் பேர் அமரும் தனிப் பெட்டி ஒன்றை அமைத்ததில் அந்தப் பக்கத்து வெளியேறும் வழி அடைபட்டது. தேவைப்படும் நேரம் இப்படிக் கூடியது. கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டி மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அதன் எண்ணெய் கசிந்து எரிந்து, கார்களும் பற்றிக்கொண்டு, புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. விளக்குகள் அணைந்தன. வெளியேறச் சொல்லி எந்த அறிவிப்பும் வரவில்லை.

இதில் இன்னொரு விவரம் எனக்கு எப்போதும் உறுத்தும். அன்று காலையிலேயே அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஒருமுறை தீ பிடித்திருந்தது. வந்து பழுது பார்த்தார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், காட்சிகள் வழக்கம்போல ஓடின. "காலையில் தீ பிடித்த கருவிக்கு மேலே இத்தனை பேரை உட்கார வைக்கலாமா?" என்று அந்த இடைப்பட்ட மணிகளில் ஒருவர் அதிகாரத்தோடு கேட்டிருந்தால் போதும். மதிப்பீட்டை மறுபார்வை பார்ப்பது என்றால் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையிலும் இதே கதை. கார் நிறுத்த அனுமதி பெற்ற அடித்தளம் பொருள் சேமிப்புக் கிடங்காக மாறியிருந்தது. அங்கே பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்குப் போய், சுமார் 90 பேர் இறந்தார்கள். வரைபடத்தில் அது கடைசிவரை பார்க்கிங்தான்.

சுருக்கமாகச் சொன்னால், மதிப்பீட்டின் நடுவில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன; அன்றாட மாற்றங்கள் அவற்றைச் சத்தமில்லாமல் நகர்த்துகின்றன. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அவ்வப்போது அளப்பதே மறுபார்வை.

வருடம் ஒருமுறை போதாதா?

பரவலான தவறான புரிதல் இது. வருடத்துக்கு ஒருமுறை தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டால் புதுப்பித்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்.

பிரிட்டனின் அனுபவம் இங்கே உதவும். அங்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தீயணைப்பு அதிகாரிகள் கட்டடத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருந்தது. 2006 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சான்றிதழ் முறையே எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2005-ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு ஆணை, பணியிடத்தைக் கையில் வைத்திருப்பவரே மதிப்பீடு செய்ய வேண்டும், அதை நடப்பு நிலையில் வைத்திருக்க வேண்டும் என்றது. எப்போது மறுபார்வை? ஆணை வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. தவறாமல் பார்க்க வேண்டும். மதிப்பீடு இனிச் செல்லாது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தாலோ, குறிப்பிடத்தக்க மாற்றம் நடந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறது.

எனக்கு இது சரியான சிந்தனையாகப் படுகிறது. சான்றிதழ் என்பது அதிகாரி வந்துபோன நாளைப் பற்றியது. கட்டடத்துக்குள் நாள் முழுக்க இருப்பவருக்குத்தான் என்ன மாறியது என்று தெரியும். நம் ஊரில் தடையில்லாச் சான்றும் உரிமமும் தொடர்கின்றன, தொடரவும் வேண்டும். அவற்றோடு இந்தப் பொறுப்பையும் நாமே எடுத்துக்கொள்வதில் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை என்பது கடைசி வலை. எதையும் கவனிக்காமல் விட்டிருந்தால் அது பிடிக்கும். உண்மையான மறுபார்வைகள் மாற்றம் நடக்கிற நாளில் நடக்க வேண்டும்.

எந்த மாற்றங்கள்?

மின்சாரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் கட்டடங்களில் அதிகம் மாறுவது அதுதான். ஒரு ஏ.சி. கூடுகிறது, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மைக்ரோவேவ். வயர் மட்டும் கட்டடம் கட்டிய காலத்து வயர். ஒரு வயரில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் எம்.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் அளவு மீறியதும் தானே விழுகிறது. அடிக்கடி விழுகிறதே என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைவிடப் பெரிய எம்.சி.பி. போடச் சொன்னால், தொந்தரவு நின்றுவிடும். ஆனால் இப்போது சுமையைத் தாங்கிச் சூடாகிக்கொண்டிருப்பது சுவருக்குள் இருக்கிற வயர். எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுவது, பிளக் கருகுவது, லேசாக ரப்பர் வாசனை வருவது எல்லாம் மதிப்பீடு பழசாகிவிட்டது என்று கட்டடம் சொல்லும் தகவல்.

அடுத்து, புதிதாக வந்து சேர்கிற பொருள்கள். பத்து வருடத்துக்கு முன் எழுதிய மதிப்பீட்டில் மின்சார ஸ்கூட்டர் இருந்திருக்காது. இன்று ஊழியர்கள் வண்டியை அடித்தளத்தில் சார்ஜ் போடுகிறார்கள், கழற்றக்கூடிய பேட்டரியை மேஜைக்கு அடியிலேயே போடுகிறவர்களும் உண்டு. லித்தியம் பேட்டரி எரிந்தால் அதன் சூடு உள்ளிருந்தே பெருகும். பவுடர் தீயணைப்பான் சுடரை அமுக்கினாலும் மறுபடி பற்றலாம். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள். சார்ஜ் போடும் இடம் எங்கே, அதற்கும் படிக்கட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது இப்போது எந்த அலுவலக மதிப்பீட்டிலும் இருக்க வேண்டிய கேள்வி.

கதவுகள். திருட்டுக்குப் பயந்து பின்பக்கக் கேட்டில் பூட்டு வருகிறது. வருகைப் பதிவுக்காகக் கைரேகைப் பூட்டு வருகிறது. மின்சாரம் போனால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளுமா, பூட்டியபடியே நிற்குமா? வாங்கும்போது ஐந்து நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும். அலாரம் அடித்தால் தானே திறக்கும்படி இணைக்கவும் முடியும். கேட்காமல் விட்டால், மின்சாரம் போன இருட்டில் கதவு முன்னால் நின்றுதான் தெரியவரும்.

தற்காலிக வேலைகளைப் பலர் மாற்றமாகவே எண்ணுவதில்லை. இரண்டு நாள் வெல்டிங் வேலைதானே என்பார்கள். 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு மையத்தில் 25-க்கும் மேற்பட்டோர் இறந்த தீ, வெல்டிங் நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்துதான் பரவியது. வெல்டிங், கட்டிங், வார்னிஷ் அடிப்பது என்று எந்த வேலை நடந்தாலும் அந்த நாள்களுக்கென்று தனியாக ஒரு பக்க மதிப்பீடு வேண்டும். பக்கத்தில் எரியக்கூடியதை எடுத்தாயிற்றா, தீயணைப்பானோடு ஒருவர் நிற்கிறாரா, வேலை முடிந்தபின் கொஞ்ச நேரம் யார் காவல் இருப்பார்?

தமிழ்நாட்டு ஜவுளிக் கடைகளுக்குத் தீபாவளி தனிக் கதை. வேறு எந்தக் காலத்திலும் இத்தனை மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. சரக்கு குடோன் நிரம்பிப் படிக்கட்டுத் திருப்பங்களில் மூட்டையாக இறங்குகிறது. சீரியல் விளக்குகள், கூடுதல் ஃபேன்கள், வாடகை ஜெனரேட்டர். வாடிக்கையாளர் கூட்டம் பல மடங்கு. இதற்கென்றே சேர்த்த புதிய ஊழியர்கள், அவர்களுக்கு எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாது. எரிபொருள், பற்றவைப்பு, ஆள்கூட்டம், குழப்பம் எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. மார்ச் மாதத்தில் ஆற அமர எழுதிய மதிப்பீடு ஐப்பசி மாதத்துக் கடைக்குப் பொருந்தவே பொருந்தாது. சரக்கு இறங்குவதற்கு முன் ஒரு மறுபார்வை, கூட்டம் உச்சத்தில் இருக்கிற ஒரு மாலையில் இன்னொன்று என்று இரண்டு நடத்த வேண்டும். இதில் சமரசம் கூடாது என்றே நினைக்கிறேன்.

மனிதர்களும் மாறுகிறார்கள்

பொருளைப் பார்க்கிற அளவுக்கு ஆளைப் பார்ப்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிற தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவசர வழிப் பலகையும் அறிவிப்பும் தமிழில் மட்டும் இருந்தால், தேவைப்படும் நேரத்தின் நடுத் துண்டு அவர்களுக்கு நீளமாகிவிடும். பகல் ஷிஃப்ட் மட்டும் இருந்த இடத்தில் இரவு ஷிஃப்ட் வந்திருக்கலாம். மாடியில் ஊழியர்கள் தூங்க ஆரம்பித்திருக்கலாம். தூங்குகிறவர் புகையை உணர்வதும் எழுவதும் தாமதமாகும், ஆகவே இது மிகப் பெரிய மாற்றம். ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார், ஒருவருக்கு முழங்கால் அறுவை நடந்திருக்கிறது, ஒருவருக்குக் காது கேட்காது. இவர்களை யார் எப்படி அழைத்து வருவார் என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்த வரி வெறும் மைதான்.

மாற்றங்கள் மின்சாரம், பொருள், கதவு, வேலை, மனிதர் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். எதுவானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது அந்த இரண்டு நேரங்களில் எதை நகர்த்துகிறது?

எப்படிச் செய்வது

பழைய மதிப்பீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடங்கள். மேஜையில் உட்கார்ந்து செய்தால் போன வருடத்து வரிகளே இந்த வருடமும் வரும். அமைதியான காலை நேரத்தைத் தவிர்த்து, கூட்டமும் நெருக்கடியும் அதிகமுள்ள நேரத்தில் நடங்கள். வாட்ச்மேன், துப்புரவு அக்கா, எலெக்ட்ரீஷியன் மூவரையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு திறக்காது, எந்த மூலையில் அட்டைப்பெட்டி சேர்கிறது, எந்த போர்டு சூடாகிறது என்று மேனேஜரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்குப் பிரிவுக்கும் போய் வாருங்கள். கடந்த ஒரு வருடத்துப் பில்களைப் புரட்டினால் அத்தனை மாற்றமும் அங்கே வரிசையாக இருக்கும்: ஏ.சி., யு.பி.எஸ். பேட்டரி, தச்சு வேலை, பூட்டு, சோபா. ஒவ்வொரு பில்லுக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் நல்லது, பில் வருவதற்கு முன்பே கேட்பது. வாங்கும் படிவத்தில் "தீப் பாதுகாப்பை இது பாதிக்குமா?" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லா மாற்றத்துக்கும் முழு மதிப்பீட்டையும் திரும்ப எழுத வேண்டாம். ஒரு பிரிண்டர் இடம் மாறினால் ஒரு வரி, தேதி, கையெழுத்து போதும். ஒரு தளமே குடோனாகவோ தங்குமிடமாகவோ மாறினால், புதிதாகத் தொடங்குவதுதான் சரி. பல மாடி, ரசாயனம், நூற்றுக்கணக்கான ஆட்கள் என்று இருந்தால் பயிற்சி பெற்ற ஆய்வாளரை அழைக்க வேண்டும். எழுதியபின் அதை மாட்டி வைப்பதைவிட ஊழியர்களிடம் சொல்வது முக்கியம். வழி மாறியிருந்தால் அந்த வழியில் எல்லோரையும் ஒருமுறை நடக்கவிட்டு ஒத்திகை பாருங்கள். கூடவே அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், தேவைப்படும் நேரம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

மறுபார்வையில் கண்டுபிடித்ததை உடனே சரிசெய்ய முடியாமல் போவதும் உண்டு. பின்பக்கப் படிக்கட்டைப் பழுதுபார்க்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. அந்த இரண்டு மாதத்துக்கும் ஒரு ஏற்பாடு எழுத வேண்டும்: மேல்தளத்தில் ஆள் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது, அங்கிருக்கிற சரக்கைக் கீழே இறக்குவது, முன்படிக்கட்டில் ஒரு பொருளும் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பது, தளத்துக்கு ஒருவரைக் காவலாக அமர்த்துவது. ஆபத்து என்றால் 101 அல்லது 112-க்கு யார் போன் செய்வார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். படிக்கட்டு சரியான அன்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை நடந்து பாருங்கள்.